உலோகத்தில் ஆழமாகப் பொறிக்க எந்த லேசர்? வாங்குவதற்கு முன்பிருந்து முதல் வேலை வரை

வவுனியா, கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் லேசர் மெசின் எடுத்துத் தொழில் தொடங்க யோசிப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "எத்தனை வாட் வாங்கலாம்?" என்றுதான். அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டுக் காசைக் கட்டினவர்களின் மெசின் உலோகத்தில் கறுப்பாக எழுத்து விழுத்தும், நகத்தால் தடவிப் பார்த்தால் பள்ளம் என்று ஒன்றும் இருக்காது. பள்ளம் வேண்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள். ஒரு படியில் வருகிற விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. மெசினை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

எங்கள் பக்கம் ஆழமாகப் பொறிக்கச் சொல்லி வருகிற வேலை பெரும்பாலும் மூன்று வகைதான். ஒன்று கோயில் சாமான்: குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, மணி, குடம், தாம்பாளம் என்று எதில் என்றாலும் உபயகாரர் பெயர் போட வேண்டும். இரண்டாவது தகடு: அரிசி ஆலை, தண்ணீர்ப் பம்பி, ட்ரெயிலர், அறுவடை மெசின் இவற்றின் பெயர்த் தகடும் இலக்கத் தகடும். மூன்றாவது அச்சு: சங்கங்களின் அழுத்து முத்திரை, சவர்க்கார அச்சு, நகை வேலைக்கான சின்ன டை.

ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள். எந்த உலோகம், எவ்வளவு ஆழம், மாதத்துக்கு எத்தனை உருப்படி. உங்களிடம் வரக்கூடிய ஆட்களை நினைத்து நிரப்புங்கள். பித்தளையே அதிகமென்றால் ஒரு முடிவு, இரும்புத் தகடே அதிகமென்றால் வேறு முடிவு, ரப்பர் முத்திரையும் மரப் பலகையும்தான் முக்கால்வாசி என்றால் உங்களுக்கு இந்த மெசினே தேவையில்லை.

மாதத்துக்கு நாலைந்து உருப்படிதான் வரும் என்றால் வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவு. பித்தளையும் செம்பும் பெரிக் குளோரைட் கரைசலில் அரித்தெடுக்கலாம். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆழமும் உள்ளங்கை அளவு பரப்பும் வேண்டுமென்றால் சிஎன்சி மில்லிங் லேசரை விட வேகம்.

2. ஆழத்தை இலக்கத்தில் சொல்லப் பழகுங்கள்

"நல்ல ஆழமா வேணும்" என்று ஆட்கள் கேட்பார்கள். அதை வைத்துக்கொண்டு மெசினும் தெரிவு செய்ய முடியாது, விலையும் சொல்ல முடியாது. வேர்னியர் கலிப்பர் ஒன்று வாங்குங்கள், அதன் பின்பக்கம் நீளுகிற மெல்லிய கம்பியால் அகலமான பள்ளத்தின் ஆழத்தை அளக்கலாம்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இப்படி. 0.05 மில்லிமீற்றருக்குள் இருப்பது அடையாளம் மட்டும்தான், அதைப் பொறிப்பு என்று சொல்லி விற்கக் கூடாது. 0.1 அளவு போனால் விரலுக்குத் தெரியும், கையில் அதிகம் படாத தகட்டுக்குக் காணும். 0.2 முதல் 0.4 வரை உபயச் சாமானுக்கும் வயல் மெசின் தகட்டுக்கும். 0.5க்கு மேல் அச்சு வேலை.

உபயச் சாமானுக்கு ஏன் இவ்வளவு என்றால், அந்த விளக்கு எப்படிப் புழங்கப்படும் என்று பாருங்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் புளியும் சாம்பலும் போட்டு, தும்பால் அழுத்தி, மினுங்கும் வரைக்கும் தேய்ப்பார்கள். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் ஊரில் எந்த வீட்டு முற்றத்தைப் பார்த்தாலும் அதுதான் வேலை. மேற்பூச்சாக விழுந்த கறுப்பு எழுத்து அந்தத் தேய்ப்பில் சில வருசம்கூடத் தாங்காது. தாய் தகப்பன் பெயரில் கொடுத்த விளக்கில் பெயர் அழிந்து போவது சின்ன விசயமில்லை, அதனால் இந்த வேலையில் ஆழத்தைக் குறைத்து இலாபம் பார்க்காதீர்கள்.

3. லேசர் வகைகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

சந்தையில் இருக்கும் வகைகளை அலைநீளத்தை வைத்துப் பார்த்தால் முடிவு தானாக வரும்.

சி.ஓ.2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீற்றர். பளிச்சென்ற உலோகம் அந்தக் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். உலோகத்துக்கென்று விற்கும் மருந்தைத் தெளித்து எரித்தால் கறுப்பு எழுத்து பிடிக்கும், அது மேலே ஒட்டியிருக்கிற படை மட்டும்தான். மரம், அக்ரிலிக், ரப்பர் இவற்றுக்கு மிக நல்ல மெசின். உலோகத்தில் பள்ளத்துக்கு இல்லை.

நீல டயோட் லேசர் 450 நனோமீற்றர் பக்கம். உலோகம் இந்த நிறத்தை ஓரளவு உள்வாங்கும், ஆனாலும் கதிர் விடாமல் தொடர்ந்து வருவதால் வெப்பம் உலோகத்துக்குள் பரவிப் போய்விடும், ஆவியாகிக் கழிவதற்கு இடமில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிறம் மாறும், அனோடைஸ் பண்ணின அலுமினியத்தில் பூச்சு போகும், அவ்வளவுதான். விளம்பரத்தில் "40 வாட்" என்று இருந்தால் அது வெளிவரும் ஒளியா, உள்ளே இழுக்கும் மின்சாரமா என்று கேளுங்கள். 40 என்று எழுதி 5 வாட் ஒளி மட்டும் தருகிற மெசின்கள் இருக்கின்றன.

சில டயோட் மெசின்களோடு 2 வாட் இன்பிராரெட் தலை ஒன்றும் தருவார்கள். அலைநீளம் 1064, அது சரியானதுதான். பலம் காணாது. மோதிரத்தின் உள்பக்கம் பெயர் எழுதலாம்.

யூவி லேசர் 355 நனோமீற்றர். கண்ணாடி, பிளாஸ்டிக் இவற்றில் வெப்பமே தெரியாமல் மெல்லிசாக எழுதுவதற்கு அதுபோல ஒன்றில்லை, விலையும் அதற்கேற்ற விலை. உலோகத்தைத் தோண்ட அதை வாங்குவது காசை வீணாக்குவது.

தொடர்ச்சியாகக் கதிர் விடும் பைபர் லேசர் என்று ஆயிரம் வாட்டுக்கு மேல் விற்கிறார்களே, அது வெட்டவும் வெல்டிங் பண்ணவும். உலோகத்தை உருக்கும். ஓரம் கூர்மையாக நிற்கிற எழுத்து அதில் வராது.

மிச்சம் இருப்பது துடிப்பாக ஒளி விடுகிற 1064 நனோமீற்றர் பைபர் லேசர், கண்ணாடிகள் திரும்பிக் கதிரை ஓட்டும் கால்வோ தலையோடு. ஆழ வேலைக்கு இதுதான். இனி வருகிற படிகள் எல்லாம் இதற்குள் எதை எடுப்பது என்பதைப் பற்றி.

4. கியூ-சுவிட்சா, மோபாவா?

பைபர் லேசரில் துடிப்பை உண்டாக்கும் முறையில் இரண்டு வகை இருக்கிறது, அவற்றின் பெயர்தான் இவை. இதில் ஒன்றைத் தெரிவு செய்ய ஒரு சின்னக் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு துடிப்பில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு வாட்டை அதிர்வெண்ணால், அதாவது செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணால், பிரியுங்கள். 50 வாட் மெசினை 50 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினால் ஒரு துடிப்புக்கு 1 மில்லியூல். அதையே 200 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினால் கால் மில்லியூல்தான். பள்ளம் தோண்டுவது இந்தத் துடிப்பின் சக்தி. துடிப்பு பலமாக இருந்தால் உலோகம் ஆவியாகித் தெறித்து வெளியேறும், பலவீனமான துடிப்பு வேகமாக வந்துகொண்டே இருந்தால் உலோகம் சூடாகி உருகி அதே இடத்தில் திரும்ப உறையும்.

கியூ-சுவிட்ச் மெசினில் துடிப்பின் நீளம் 100 நனோசெக்கனுக்கு அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய நிலையாக இருக்கும், நாங்கள் மாற்ற முடியாது. மோபாவில் சில நனோசெக்கனிலிருந்து சில நூறு நனோசெக்கன் வரைக்கும் மாற்றலாம். குறுகிய துடிப்பு அலுமினியத்தில் கறுப்பு எழுத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிறங்களுக்கும் உதவும். நீளத் துடிப்பு தோண்ட உதவும்.

ஆகவே உங்கள் தாளில் உபயமும் தகடும் அச்சும் மட்டும்தான் இருக்கின்றன என்றால் கியூ-சுவிட்ச் தாராளமாகக் காணும், மிச்சக் காசை வாட்டில் போடுங்கள். பதக்கம், பேனை, தொலைபேசி உறை என்று பரிசுச் சாமானும் செய்யப் போகிறீர்கள் என்றால் மோபா. மோபாவை வாங்கிவிட்டு 10 நனோசெக்கனில் வைத்துக்கொண்டு "ஆழம் போகுதில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆழத்துக்கு 200 நனோசெக்கன் பக்கம் வையுங்கள்.

5. இப்போது வாட்

வாட் கூடினால் ஆழம் கூடும் என்று நினைப்பது பாதிதான் சரி. 20 வாட் மெசினை 20 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினாலும் துடிப்புக்கு 1 மில்லியூல், 50 வாட்டை 50 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினாலும் 1 மில்லியூல். தோண்டும் பலம் ஒன்றுதான். 50 வாட் அதையே செக்கனுக்கு இரண்டரை மடங்கு தடவை செய்யும். வாட்டுக்குக் கொடுக்கும் காசு நேரத்துக்குக் கொடுக்கும் காசு.

ஒரு உதாரணம் போடுவோம். பெயரும் ஊருமாக இரண்டு வரி, எழுத்துகளின் உட்பரப்பு மட்டும் 400 சதுர மில்லிமீற்றர். கதிர் அந்தப் பரப்பைக் கோடு கோடாக ஓடி நிரப்பும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.04 என்றால் ஒரு சுற்றுக்குக் கதிர் ஓட வேண்டிய தூரம் 400ஐ 0.04ஆல் பிரிக்க 10,000 மில்லிமீற்றர். செக்கனுக்கு 1000 மில்லிமீற்றர் வேகத்தில் 10 செக்கன். ஒரு சுற்றில் நூறில் ஒரு மில்லிமீற்றர் கழிகிறது என்று வைத்தால் 0.3 ஆழத்துக்கு 30 சுற்று, ஐந்து நிமிடம். எழுத்துக்கு எழுத்து தாவும் நேரமும் இடையில் துப்புரவாக்கும் சுற்றும் சேர்த்தால் அது ஏழெட்டு நிமிடம் ஆகும். 20 வாட்டில் துடிப்புகளை அதே நெருக்கத்தில் விழுத்த வேகத்தை 400க்கு இறக்க வேண்டும், ஆகவே வெறும் தோண்டலுக்கே பன்னிரண்டரை நிமிடம். உங்கள் உலோகத்தில் ஒரு சுற்றுக்குக் கழிகிற அளவு இதைவிடக் கூடலாம், குறையலாம், அது பரிசோதித்துத்தான் தெரியும். கணக்குப் போடும் முறை இதுதான்.

இதை உங்கள் தாளின் மூன்றாவது நிரலால் பெருக்குங்கள். நாளுக்கு இரண்டு மூன்று உருப்படி என்றால் 30 வாட் போதும். ஒவ்வொரு நாளும் ஓட்டம் இருக்கும், அச்சு வேலையும் வரும் என்றால் 50 அல்லது 60. 100 வாட் அச்சு வேலையையே தொழிலாகச் செய்பவர்களுக்கு. 20 வாட்டை ஆழ வேலைக்கென்று புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பொறுமையாக ஓட்டினால் அதிலும் நல்ல பள்ளம் வரும்.

6. லென்ஸைப் பெரிதாகக் கேட்காதீர்கள்

விற்பவர் "110க்கு 110 லென்ஸா, 200க்கு 200 லென்ஸா?" என்று கேட்பார். லென்ஸை மாற்றாமல் பொறிக்கக்கூடிய பரப்பு எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான் அந்த இலக்கம். பெரிய பரப்பு நல்லதுதானே என்று 200ஐச் சொல்லிவிடுவார்கள். 110 லென்ஸின் குவியத் தூரம், அதாவது கதிர் புள்ளியாகக் குவியும் தூரம், 160 மில்லிமீற்றர் அளவு, 200 லென்ஸுக்கு 290 அளவு. குவியத் தூரம் கூடக் கூடப் புள்ளியும் அதே விகிதத்தில் தடிக்கும். இங்கே விட்டம் 1.8 மடங்கு, பரப்பில் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். அதே துடிப்பு மூன்று மடங்கு பரப்பில் சிதறினால் தோண்டும் பலம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். காசு கொடுத்து வாங்கின வாட்டை லென்ஸில் தொலைப்பது இது.

முதல் லென்ஸ் 110 ஆக இருக்கட்டும். நகை அச்சுக்கு மட்டும் 70. அதில் புள்ளி இன்னும் மெல்லிது, ஆனால் குவியம் நிற்கிற உயரம் மிகக் குறைவு, வளைந்த சாமானில் சிரமம். பெரிய தகடு வந்தால் தகட்டை நகர்த்தி இரண்டு தடவையாகப் பொறிக்கலாம்.

7. மெசினோடு சேர்த்தே வாங்க வேண்டியவை

தலையை ஏற்றி இறக்கும் தூண் உறுதியாகவும் அளவுகோல் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பள்ளம் ஆழமாக ஆகக் குவியத்தைத் துரத்திக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருக்கும், தூண் ஆடினால் எழுத்து இரட்டையாக விழும். பிடிகிடுக்கி கட்டாயம், மேசையில் சும்மா வைத்துப் பொறித்தால் பத்தாவது சுற்றில் ஒரு தட்டுப் பட்டாலே அந்தச் சாமான் வீண். விளக்குத் தண்டுக்கும் குடத்துக்கும் சுழற்றும் இணைப்பு. பித்தளைத் தூரிகை, காற்று ஊதும் சின்னக் கம்பிரசர், புகை இழுக்கும் விசிறி. இவற்றுக்கென்று காசை முதலே ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மெசினைப் பாருங்கள்.

ஒரு காந்தமும் வையுங்கள். பித்தளை மாதிரி மினுங்கும் விளக்குகளில் சில இரும்பில் பூச்சுப் போட்டவை. காந்தம் ஒட்டினால் வேலையைத் தொடங்க முதலே ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும், பூச்சைத் தாண்டினதும் உள்ளே இருக்கும் இரும்பு துருப் பிடிக்கும்.

8. கரண்ட், சூடு, தூசி

எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கிராமப் பக்கம் அதே லைனில் அரிசி ஆலையோ வெல்டிங் கடையோ இருந்தால் மோட்டர் தொடங்கும்போது வோல்ட் விழும். ஸ்டெபிலைசரும், மெசினும் கணினியும் சேர்ந்து கொஞ்ச நேரமாவது தாங்கக்கூடிய யூபிஎஸ்ஸும் போடுங்கள். 50 வாட் பைபர் மெசின் மொத்தமாகவே ஆயிரம் வாட்டுக்குள்தான் இழுக்கும், ஆகவே இது பெரிய செலவு இல்லை. கரண்ட் போய்விட்டால் சாமானைக் கிடுக்கியிலிருந்து எடுக்காதீர்கள். அசையாமல் இருந்தால் மிச்சச் சுற்றுகளை அதே இடத்தில் தொடரலாம்.

எர்த் கம்பியைக் கோடையில் சோதியுங்கள். மாரியில் நன்றாக இருந்த எர்த் ஆடி ஆவணியில் மண் காய்ந்து வேலை செய்யாமல் போகும். ஆழமாக இறக்குங்கள், கம்பியைச் சுற்றி ஈரம் இருக்கும்படி பாருங்கள்.

மெசினுக்குள்ளே கதிரை உண்டாக்கும் பகுதியான லேசர் மூலம் பெரும்பாலும் 40 பாகை வரைக்கும்தான் தாங்கும். தகரக் கொட்டிலுக்குள் மதியம் அதைத் தாண்டிவிடும். சீலிங் அடியுங்கள், அல்லது ஆழ வேலையைக் காலையில் வையுங்கள். ஏசி போட்ட அறையென்றால் மாரி காலத்தில் ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்த உடனே மெசினை ஓட்ட வேண்டாம், குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். சோளகக் காற்று நேரத்தில் வருகிற செம்மண் தூசிதான் லென்ஸுக்கு எமன். லென்ஸில் ஒட்டின தூசி கதிரில் எரிந்து கண்ணாடியிலேயே கறையாகிவிடும். வேலை முடிந்ததும் மூடி போடுங்கள், துடைப்பதற்கு லென்ஸ் தாளும் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மட்டும், சாரத்துண்டால் துடைக்கவே கூடாது.

9. கண்ணும் மூச்சும்

1064 நனோமீற்றர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கண் வில்லை அதைக் குவித்து நேரே விழித்திரையில் போடும், நோவும் இருக்காது. மினுங்கும் பித்தளை மணியின் வளைவு கதிரை எந்தப் பக்கமும் திருப்பும். ஆகவே 1064 என்றும் கதிரை எவ்வளவு மறிக்கும் என்று காட்டும் ஒளி அடர்த்தி எண் (OD) 6 அல்லது அதற்கு மேல் என்றும் எழுதியிருக்கிற கண்ணாடி, மெசினில் நிற்பவருக்கு மட்டுமில்லை, அறையில் உள்ள எல்லோருக்கும். சி.ஓ.2 மெசினுக்கு வாங்கின தெளிந்த பிளாஸ்டிக் கண்ணாடி இந்தக் கதிரை மறிக்காது. கடைக்கு வருகிற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க மெசினடியில் வந்து நிற்பார்கள், முக்கியமாக அதனால்தான் மூடின பெட்டி வகை மெசினை எடுக்கச் சொல்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியம் இருக்கும், நாள்பட்டால் நுரையீரலுக்குக் கேடு. கல்வனைஸ் தகட்டிலும் பித்தளையிலும் நாகப் புகை வரும், கனக்க இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்கும். விசிறி போட்டு வெளியே விடுங்கள், பக்கத்து வீட்டு யன்னல் பக்கம் விடாதீர்கள். அலுமினியத் தூசி சேர்ந்த வடிகட்டி தீப்பிடிக்கக் கூடியது, அடிக்கடி துப்புரவு செய்யுங்கள்.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கென்று சொல்ல வேண்டியது. காணி துப்புரவாக்கும்போது எடுத்த யுத்தகாலப் பித்தளைக் கோதோ உருளையோ கொண்டுவந்து "இதில் பெயர் வெட்டித் தாங்கோ" என்று யாராவது கேட்டால் தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, லேசர் அதைச் சூடாக்கும். கைப்படாமல் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள்.

10. காசு கட்ட முதல் ஒரு பரிசோதனை

விற்பவரிடம் உங்கள் பித்தளைத் துண்டு ஒன்றையும் ஸ்டெயின்லெஸ் துண்டு ஒன்றையும் கொடுங்கள். 10க்கு 10 மில்லிமீற்றர் சதுரம், 0.3 ஆழம் பொறித்து, எத்தனை நிமிடம் எடுத்தது என்று காணொளியோடு தரச் சொல்லுங்கள். சதுரத்தின் அடி சமமாக இருக்கிறதா, ஓரம் உருகிப் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், கலிப்பரால் நீங்களே அளவுங்கள். அழகான படம் பொறித்து அனுப்பினால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

லேசர் மூலத்தின் தயாரிப்பாளர் யார், ஜேபிடியா, ரேக்கஸா, மெக்ஸா, தொடர் இலக்கம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மெசினின் பெட்டி யார் செய்தாலும் ஒன்றுதான், விலையில் பெரும்பங்கு அந்த மூலத்தில் இருக்கிறது. பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, மூலத்தை மட்டும் கழற்றி அனுப்பலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

11. முதல் ஆழ வேலை, வரிசைப்படி

முதலில் எழுத்து. பொறிக்கும் மென்பொருளில் தமிழை நேரே தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். பாமினி எழுத்துருவில் இருந்தாலும் யூனிகோடில் இருந்தாலும் இங்க்ஸ்கேப், கோரல்ட்ரோ போன்ற வரையும் மென்பொருளில் எழுதி, வளைகோடாக மாற்றி, அதைத்தான் ஈஸிகாட், லைட்பேர்ன் போன்ற பொறிக்கும் மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அச்சிட்டு ஆளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 0.3 ஆழத்தில் விட்ட எழுத்துப் பிழையைத் திருத்த வழியில்லை.

எழுத்தின் கோட்டுத் தடிப்பு ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பள்ளத்தின் சுவர் நேராக இறங்காது, சரிந்து இறங்கும். மெல்லிய கோடென்றால் இரண்டு சுவரும் அடியில் சந்தித்து அதற்கு மேல் ஆழம் போகாது. ண, ஞ, ணை மாதிரி எழுத்துகளில் சுழிக்கும் சுழிக்கும் நடுவே நிற்கும் மெல்லிய உலோகம் எரிந்து போகும். கொஞ்சம் அகன்ற எழுத்துருவை எடுத்து, எழுத்துகளுக்கிடையில் இடம் விடுங்கள்.

சாமானை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கிடுக்கியில் இறுக்கி, குவியத்தைப் பிடியுங்கள். மெசினிலிருந்து விழுகிற சிவப்புப் புள்ளி இடத்தைக் காட்டத்தான், குவியத்துக்கு அதை நம்ப வேண்டாம். பழைய துண்டில் தலையை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், சடசடவென்ற சத்தம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பித்தளைக்குத் தொடக்க அளவாக 50 வாட் மெசினில் பலம் 90 வீதம், 50 கிலோஹேர்ட்ஸ், வேகம் 1000, இடைவெளி 0.04. இதைச் சுற்றி மேலும் கீழுமாக மாற்றிச் சின்னச் சதுரங்கள் பொறித்து அளந்து உங்கள் அட்டவணையை உண்டாக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கோடுகளின் கோணத்தை 30 பாகை அளவு திருப்புங்கள். ஒரே திசையில் ஓட்டினால் அடியில் வயல் வரம்பு மாதிரி வரிவரியாக நிற்கும், அந்த வரிகளே அடுத்த சுற்றைக் கெடுக்கும்.

ஐந்து முதல் பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை துப்புரவுச் சுற்று ஒன்று: பலம் குறைவு, அதிர்வெண் கூட, வேகம் 2000 அளவு. பள்ளத்தில் படிந்த கரியும் ஒக்சைட்டும் அதில் போய்விடும். காற்றையும் ஊதுங்கள். பித்தளைத் தூரிகையால் தேய்ப்பதென்றால் கிடுக்கியில் இருந்தபடியே. 0.3 மில்லிமீற்றர் போனதும் தலையை அதே அளவு இறக்குங்கள்.

12. அடிக்கடி காணும் பிழைகள்

ஆழம் போகவில்லை என்றதும் வேகத்தைக் குறைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 100க்குக் குறைத்தால் உலோகம் உருகிக் குழம்பி ஓரத்தில் மேடு கட்டும், பள்ளமும் கூடாது. வேகத்தை வைத்துக்கொண்டு சுற்றைக் கூட்டுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் குவியம், பிறகு அதிர்வெண், பிறகு லென்ஸில் அழுக்கு, இந்த வரிசையில் பாருங்கள்.

செம்பு வந்தால் பித்தளையின் அளவுகளையே போட்டுவிடுவார்கள். செம்பு 1064 கதிரில் பெரும்பகுதியைத் திருப்பும், விழுகிற வெப்பத்தையும் உடனே பரப்பிவிடும். சுற்று கூடும், நேரமும் விலையும் அதற்கேற்பச் சொல்லுங்கள்.

மெல்லிய தகட்டில் 0.3 போனால் வெப்பத்தில் தகடு வளைந்து நடுவில் குவியம் தவறும். கீழே தடித்த அலுமினியப் பலகை வைத்துக் கிடுக்குங்கள், பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை ஆற விடுங்கள்.

கோயில் மணியில் நாக்கு அடிக்கும் விளிம்புப் பக்கம் பொறிக்கவே வேண்டாம், தோள்ப் பகுதியில் தடிப்பைப் பார்த்துப் பொறியுங்கள். வார்ப்புச் சாமானில் மேலே மினுக்கமாக இருந்தாலும் உள்ளே ஊசித் துளைகள் இருக்கும், தோண்டும்போது வெளியே வரும். அது உங்கள் பிழை இல்லைத்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆளுக்கு அப்படித்தான் படும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பள்ளத்தைக் கறுப்பாகவே விட்டால் மாரியில் அதற்குள்ளே துரு எழும்பும். கடைசித் துப்புரவுச் சுற்று முடிந்ததும் சித்திரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்து, கழுவி, நன்றாக உலர்த்தின பிறகுதான் கொடுக்க வேண்டும்.